கை எடுக்காமல் ஒரு கோடு

தெமோதரை ஸ்டேஷனில் இறங்கி மேடையிலேயே நின்றேன். என்னை இறக்கிவிட்ட பதுளை ரயில் மலையை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, சில நிமிடங்களில் ஸ்டேஷனுக்கு நேர்கீழே இருக்கிற சுரங்கத்துக்குள் புகுந்தது. இந்தப் பாதை பதுளை வரை திறக்கப்பட்டது 1924இல். 44 அடி ஓடினால் ஓரடிக்கு மேல் ஏற்ற இறக்கம் கூடாது என்பது அன்றைய விதி. அந்தச் சரிவுக்குள் இறங்கத்தான் இந்த வளையம். ஒரு கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டியதைப் பார்த்து என்ஜினியருக்கு யோசனை பிறந்ததாக இங்கே ஒரு கதை உண்டு. எனக்கு அது சிக்குக் கோலமாகத்தான் தெரிந்தது. கோலம் பார்க்கத்தான் வந்திருந்தேன்.

மேலே தோட்டத்து லயத்தில், ஒரு காம்பராவின் இஸ்தோப்பில் அம்மாயியும் பேத்தியும் உட்கார்ந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, மலைக்குப் போகிற வேலை இல்லை. சிமெந்துத் தரையில் சோக்கட்டியால் மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு புள்ளி.

"கைய எடுக்கக் கூடாது, போட்ட கோட்டு மேலயும் போகக் கூடாது. எல்லாப் புள்ளியையும் சுத்திட்டு ஆரம்பிச்ச எடத்துக்கே வரணும் தம்பி."

பேத்தி போட்டாள். கோடு தன்னையே 17 இடத்தில் வெட்டிக்கொண்டு, தொடங்கிய வளைவிலேயே வந்து சேர்ந்தது.

மூன்றுக்கு மூன்று போடச் சொன்னேன். "அது சேராது தம்பி, மூனு கோடாப் பிரிஞ்சிரும்" என்றார் அம்மாயி. போட்டுப் பார்த்தோம், மூன்றுதான். நான்குக்கு ஆறு? "ரெண்டு." அதுவும் சரி.

1736இல் ஒய்லர் கேனிக்ஸ்பர்க் நகரத்து ஏழு பாலங்களை வைத்துச் சொன்ன கணக்கு இருக்கிறது. தொடர்ச்சியான ஒரு படத்தில் ஒவ்வொரு சந்திப்பிலும் இரட்டைப்படையில் கோடுகள் கூடினால், கை எடுக்காமல் போட்டுவிடலாம். சிக்குக் கோலத்தின் ஒவ்வொரு வெட்டிலும் கூடுவது நான்கு. அப்படிப் பார்த்தால் எல்லாமே ஒரே கோட்டில் முடிய வேண்டும். ஆனால் கோலத்தின் விதி அதைவிடக் கடுமை: வெட்டில் திரும்பக் கூடாது, நேரே கடக்க வேண்டும். புதிரே அங்கேதான் இருக்கிறது. தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் 1970களில் கோலத்தைக் கணினி இலக்கணமாகவே ஆராய்ந்தார்கள். இதைப் பொழுதுபோக்கு என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அம்மாயி எப்படிச் சொல்கிறார் என்று பேத்தியிடம் கேட்டேன். அவள் விரலை மடக்கி யோசித்தாள். மூன்றும் நான்கும் ஒன்று, மூன்றும் மூன்றும் மூன்று, நான்கும் ஆறும் இரண்டு. சட்டென்று முகம் மலர்ந்தது: "பொதுக் காரணிகளுட் பெரியது! ஸ்கூல்ல படிச்சோம்!"

அம்மாயிக்கு அந்தப் பேர் தெரியாது. "பேரு என்னமோ. கொறஞ்சத கூடுனதுல கழிச்சுக்கிட்டே வருவேன். ரெண்டும் ஒன்னாகுற எடத்துல நிறுத்திருவேன்" என்றார். யூக்ளிட் எழுதிவைத்த வழியும் இதுதான். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

"அப்ப ஆறுக்கு ஒம்போது?" என்றாள் பேத்தி.

"மூனு."

54 புள்ளி வைக்க இஸ்தோப்பு போதவில்லை. வாசலுக்கு இறங்கி ஈர மண்ணில் குச்சியால் கீறினோம். முதல் கோடு மூடியது, இரண்டாவதும் மூடியது. கீழே பதுளையிலிருந்து வரும் ரயிலின் ஊதல் கேட்டது; யாரும் நிமிரவில்லை. மூன்றாவது கோடு மூடியபோது, சுற்றப்படாத புள்ளி ஒன்றும் மிச்சமில்லை.