வெள்ளை தெரிந்தால் காற்று

நாகப்பட்டினத்துக்குத் தெற்கே கடலோரச் சாலையில் போகும்போது, படகுப் பட்டறை கண்ணில் படும் முன்பே மூக்குக்குத் தெரிந்துவிடுகிறது. ரெசினிலிருந்து கிளம்பும் ஸ்டைரீன் வாடை தொண்டையில் போய் ஒட்டிக்கொள்கிறது. தகரக் கொட்டகைக்குள் முப்பதடி மோல்டு ஒன்று வாய் திறந்து கிடந்தது. மெழுகு தேய்த்த அதன் உட்புறத்தில் நீல ஜெல் கோட் அடித்திருந்தார்கள்.

"தொட்டுப் பாருங்க சார். பிசுபிசுன்னு இருக்கணும், ஆனா விரல்ல நெறம் ஒட்டக் கூடாது. அப்பதான் மேட் போடலாம்" என்றார் மேஸ்திரி.

தொட்டேன். நிறம் ஒட்டவில்லை.

கண்ணாடி இழை மேட்டை விரித்து ரெசினைப் பூசினார்கள். இரண்டு பேர் பள்ளம் வெட்டிய இரும்பு ரோலரை அழுத்தி உருட்டினார்கள். வெள்ளையாக இருந்த மேட் நனைந்ததும் மறைந்து, அடியிலிருந்த நீலம் மேலே வந்தது. எங்கே வெள்ளை மிச்சம் நிற்கிறதோ அங்கே காற்று சிக்கியிருக்கிறது. அதை ஓரத்துக்கு ஓட்டிக்கொண்டே போகிறார்கள். நேரம் அதிகமில்லை. கேட்டலிஸ்ட் கலந்த வாளி இருபது நிமிடத்தில் கெட்டியாகத் தொடங்கிவிடும். கெட்டியாவதை முடுக்கிவிடும் கோபால்ட்டை முதலில் ரெசினில் கரைத்து, அதற்கப்புறம்தான் கேட்டலிஸ்ட் ஊற்ற வேண்டும். அவை இரண்டும் நேரடியாகச் சேர்ந்தால் வெடிக்கும்.

ரோலர் பிடித்திருந்த இளைஞர் முன்பு காற்றாலை இறகு செய்யும் ஆலையில் இருந்தவர். அங்கே எல்லாம் வேறு மாதிரி. கண்ணாடித் துணியை உலர்ந்தபடியே அடுக்கி, மேலே பிளாஸ்டிக் உறை போட்டு ஓரமெல்லாம் ஒட்டி, பம்ப் வைத்து உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சுவார்கள். ரெசின் குழாய் வழியே தானாகப் பாய்ந்து துணியை நனைக்கும். "ஊசி ஓட்டை இருந்தாலும் போச்சுண்ணே. மொத்த இறகும் வீணாயிடும்."

கணக்கு அவர் பக்கம்தான். கையால் அடிக்கும்போது ஒரு கிலோ மேட் இரண்டு, இரண்டரை கிலோ ரெசினைக் குடிக்கிறது. உறை முறையில் இரண்டு கிலோ துணிக்கு ஏறத்தாழ ஒரு கிலோ போதும். வலு கண்ணாடியில்தான் இருக்கிறது என்பதால் பொருள் லேசாகவும் உறுதியாகவும் வரும்.

அப்படியானால் இங்கே ஏன் அதைச் செய்வதில்லை என்று மேஸ்திரியைக் கேட்டேன்.

"ஒருத்தர் முன்னாடி அணியத்த ஒசத்திக் கேப்பாரு, இன்னொருத்தர் மெஷினுக்கு எடம் மாத்தச் சொல்லுவாரு. தெனமும் மணல்ல இழுக்குற படகு சார் இது. அடி தடிமனா இருக்கணும்."

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. தகட்டின் தடிமன் இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்காகும். மலிவான மேட்டை அடுக்கித் தடிமன் ஏற்றுவது இந்தக் கரைக்குப் பொருந்துகிற வழிதான். தவிர, உறையும் குழாயும் ஒவ்வொரு படகோடும் குப்பைக்குப் போகும். மாதம் இரண்டு படகு இறக்கும் பட்டறைக்கு அது பெரிய சுமை. சுனாமிக்குப் பின் அவசரமாக அடித்த படகுகளில் சில சீக்கிரமே விரிசல் விட்டதை மேஸ்திரி நேரில் பார்த்தவர். முறையில் கோளாறு இல்லை, லேயரைக் குறைத்ததுதான் கோளாறு என்கிறார்.

ஆனால் அவருடைய கணக்கில் சேராத செலவு ஒன்று உண்டு. உறை முறையில் ஸ்டைரீன் பெரும்பாலும் உள்ளேயே அடைபட்டுவிடும். இங்கே அது ரோலர் உருட்டும் இந்த இருவரின் நெஞ்சுக்குள் போகிறது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பொருட்களின் பட்டியலில் 2018-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை ஸ்டைரீனைச் சேர்த்தது. மூக்கில் கட்டியிருக்கும் துண்டு தூசியைத் தடுக்கலாம், ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரி வடிகட்டி வைத்த முகக்கவசம் வேண்டும். ஒரு படகின் விலையில் அது எந்த மூலைக்கு? கையால் அடிப்பதுதான் சரியென்று முடிவு செய்கிறவர்கள் அந்தக் கவசத்தையும் சேர்த்தே விலை சொல்ல வேண்டும் என்று மேஸ்திரியிடமே சொன்னேன். அவர் மறுக்கவில்லை. "வாங்குறவங்க ஆயிரம் ரூபா கொறைக்கத்தான் பாக்குறாங்க" என்றார்.

இளைஞர் வாளியின் அடியைத் தொட்டுப் பார்த்தார். சூடேறியிருந்தது. துண்டை இறுக்கிக்கொண்டு, அணியத்துப் பக்கம் மிச்சமிருந்த ஒரு சாண் வெள்ளையை நோக்கி ரோலரை வேகமாக உருட்டத் தொடங்கினார்.