ஆரணி எவ்வகைப் பெயர்?

ஆரணியில் நாம் குடியிருக்கும் தெருவில், பொழுது விடியுமுன்னரே தறிச் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். அவ்வீடுகளில் ஒன்றிலிருந்து, ஒன்பதாம் வகுப்பில் பயிலும் நெசவாளர் மகள் ஒருத்தி, ஆங்கில இலக்கணம் கற்க மாலைதோறும் நம்மிடம் வருகிறாள். சென்ற மாதம் பெயர்ச்சொல் வகைகளைப் படித்தோம்.

சிறப்புப்பெயர், பொதுப்பெயர், கூட்டப்பெயர், பொருட்பெயர், பண்புப்பெயர் என ஐந்தையும் மூச்சுவிடாமல் ஒப்புவித்தாள். எடுத்துக்காட்டுக் கேட்டாலோ தங்கம், இரும்பு, ஆட்டுமந்தை என்று புத்தகம் சொன்னவையே வந்தன. ஆகவே புத்தகத்தை மூடச் சொல்லி, வீட்டில் அன்றாடம் வழங்கும் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதிவருமாறு பணித்தோம்.

மறுநாள் அவள் கொணர்ந்த பட்டியல் நமக்கே பாடமாயிற்று. 'லூம்' பொதுப்பெயர், 'சில்க்' பொருட்பெயர். ஆனால் கடைவீதிப் பலகைகளில் காணும் 'சில்க்ஸ்' எண்ணத்தக்க சேலைகளைக் குறிப்பதால் பொதுப்பெயராகிவிடுகிறது. ஜரிகையில் சற்றே தயங்கினாள். பட்டு நூலின்மேல் வெள்ளி இழையைச் சுற்றிப் பொன்முலாம் பூசுவதன்றோ அசல் ஜரிகை! "மூன்று பொருள் சேர்ந்தாலும் பொருட்பெயர்தானா, ஐயா?" என்றாள். ஆம் என்றோம்.

பட்டியலின் கடைசியில், பொதுப்பெயர் வரிசையில், சிறிய எழுத்தில் தொடங்கி 'ஆரணி' என்று எழுதியிருந்தாள். ஊர்ப்பெயர் சிறப்புப்பெயர் என்று கூறிச் சிவப்பு மையால் அடித்தோம்.

"கடைக்கு வருகிறவர்கள் 'இரண்டு ஆரணி எடுத்துப் போடுங்கள்' என்கிறார்களே ஐயா, ஊரையா எடுத்துப் போடுவார்கள்?"

நமக்கு மறுமொழி எழவில்லை. இடத்தின் பெயர் அவ்விடத்துப் பொருளுக்கு ஆகிவருவதை இடவாகுபெயர் என்று நம் இலக்கணம் என்றோ வகுத்துவைத்திருக்கிறது. ஆங்கிலம் கற்பிக்கும் ஆர்வத்தில் அதனை மறந்தோம்.

அன்றிரவு அகராதியைப் புரட்டினோம். மஸ்லின் என்னும் மெல்லிய துணி மோசூல் நகரால் பெயர் பெற்றது. டமாஸ்க் என்பது, புனித சின்னப்பர் பார்வையிழந்து கைப்பிடித்து அழைத்துச் செல்லப்பட்டாரே, அந்தத் தமஸ்கு நகரின் பெயர். காலிகோவோ நம் கோழிக்கோடு! அத்துறைமுகத்தின் பெயரால் அறியப்பட்ட இந்தியப் பருத்தித் துணி இங்கிலாந்தில் அமோகமாக விற்றது. அந்நாட்டு நெசவாளர் கூச்சலிட, 1700இலும் 1721இலும் அதற்கெதிராகச் சட்டங்கள் இயற்றப்பட்டன. பின்னர் லங்காஷயர் ஆலைகளே காலிகோ நெய்தன. பெயர் நிலைத்தது, கோழிக்கோட்டை நினைப்பவர் இல்லை. மூன்றையும் ஆங்கிலத்தில் இன்று சிறிய எழுத்தில்தான் தொடங்குகிறார்கள். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதமில்லை. ஆகையால் ஓர் ஊர் தன் பெயரை இழப்பது நம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

மகளை அழைத்துச்செல்ல வந்த தந்தையாரிடம் இதனைச் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை.

"எங்கோ விசைத்தறியில் ஓட்டியதையும் ஆரணி என்றே விற்கிறார்கள், ஐயா. பெயர் எல்லாருக்கும் பொதுவாகிவிட்டால் நாங்கள் எதைச் சொல்லிக் கூலி கேட்பது?"

இலக்கண வகுப்பில் ஒரு மதிப்பெண்ணுக்குரிய வினா, தறிக்குழியில் அமர்ந்திருப்பவருக்குச் சோற்று வினாவாக இருக்கிறது. 1999ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2003இல் நடைமுறைக்கு வந்த புவிசார் குறியீட்டுச் சட்டமும் இவ்வினாவையே கேட்கிறது: பொதுப்பெயராகிவிட்ட ஊர்ப்பெயரை அச்சட்டப்படி பதிவு செய்ய இயலாது. ஆரணிப் பட்டு பதிவு பெற்றிருக்கிறது. பதிவுச் சான்றைக் கண்டு சேலை வாங்குவோர் எத்தனை பேர் என்பது வேறு விஷயம்.

சிறுமியின் ஏட்டில் நாம் இழுத்த சிவப்புக் கோட்டருகே 'இதுவும் சரியே' என்றெழுதிக் கையொப்பமிட்டோம். அவள் அதை வாசித்தாள்; தந்தையின் முகத்தைப் பார்த்தாள்; பின்னர் ஆரணியின் முதலெழுத்தைப் பெரிய எழுத்தாகத் திருத்திக்கொண்டாள்.