ஆளுக்கு 200 கிராம்

இந்தக் குளிர்காலத்தில் ராக்லெட் விருந்துக்கு ஆட்களை அழைக்கப்போகிற சுவிஸ் நண்பர்களுக்காக எழுதுகிறேன்.

ராக்லெட் வலே பகுதியின் மலைச் சாப்பாடு. சீஸை உருக்கி, அவித்த உருளைக்கிழங்கின் மேல் வழித்துப் போட்டு, ஊறவைத்த சின்ன வெள்ளரிக்காயோடும் வெங்காயத்தோடும் சாப்பிடுவார்கள். சீஸ்தான் முழுச் சாப்பாடு. அதனால் ஆளுக்கு 200 கிராம் கட்டாயம் வேண்டும். எட்டுப் பேருக்கு 1 கிலோ 600. இளவட்டங்கள் வந்தால் 250 கிராம் என்று கணக்கு வையுங்கள். கடையில் அந்தக் கட்டியைப் பார்த்தால் மலைப்பாகத்தான் இருக்கும். தயங்காமல் வாங்குங்கள். கடைசியாகத் தட்டை நீட்டுபவருக்கு இல்லை என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

சாப்பாட்டுக்குப் பின் வைக்கும் சீஸ் தட்டு வேறு கணக்கு. வயிறு நிறைந்தவருக்கு 50 முதல் 80 கிராம் தாராளம். ரோக்ஃபோர் மாதிரி நீலப்பூசணம் பாய்ந்த வகை உறைப்பானது, சிறு துண்டு போதும். கெட்டியான கொம்தேயைக் கூடுதலாக வையுங்கள். மூன்று வகைக்கு மேல் வேண்டாம் என்பது என் கட்சி. வகை கூடினால் மிச்சமும் கூடும். ஒரு மணி நேரம் முன்பே ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துவிடுங்கள், சில்லென்று இருந்தால் மணம் எழாது.

எடையைவிட முக்கியமான ஒன்று உண்டு. ரோக்ஃபோர் உட்படப் பல பாரம்பரிய வகைகளில் பாலை உறையவைப்பது கன்று அல்லது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதி. நம் வீடுகளுக்குச் சைவக்காரர்களும் வருவார்கள். அழைக்கும்போதே கேட்டுவிடுங்கள், அவர்களுக்கென்று தாவர அல்லது நுண்ணுயிர் நொதியில் செய்ததைத் தனியாக வாங்கி வையுங்கள்.