சவலைக் குட்டி

தாய்ப்பால் போதாமலோ, அடுத்த பிள்ளை வந்துவிட்டமையால் பால் மறக்கடிக்கப்பட்டோ மெலிந்து ஏங்கும் குழந்தையைத் தமிழர் 'சவலை' என்றனர். மனிதக் குழந்தைக்கு மாத்திரமன்றிக் கன்றுக்கும் குட்டிக்கும் அச்சொல் வழங்குகின்றது. பலவீனத்தைப் பிறவிக் குற்றமாகக் கொள்ளாது, பால் கிடையாமையின் விளைவாகக் கண்ட சொல் அது.

2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அட்டன் நகரை அடுத்த தோட்டமொன்றின் பணிய லயத்தில் நாயொன்று ஏழு குட்டிகளை ஈன்றது. தொங்கல் காம்பராவின் கோடிப்புறத்தில், கவ்வாத்து மிலாறு அடுக்கியிருந்த மூலையே அதற்குப் பேற்றறை. ஆறு குட்டிகள் முட்டிமோதிப் பால் குடித்தன. ஏழாவது, ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் பெட்டைக்குட்டி, ஒவ்வொரு முறையும் ஒதுக்கித் தள்ளப்பட்டது. நான்காம் நாள் காலையில் அது குளிர்ந்து கிடந்தது.

அக்காம்பராவில் நால்வர் வாழ்ந்தனர். கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற மூதாட்டி, மலைக்குச் செல்லும் அவளுடைய மகள், பாடசாலை செல்லும் பேரன், மூன்று வயதுப் பேத்தி. குட்டியைக் கண்டெடுத்தவன் பேரன். மடியில் ஏந்தியவள் மூதாட்டி. மகளோ முகஞ்சுளித்தாள்.

"அம்மா, புள்ளைக்கே பாலு இல்ல. இதுக்கு எங்க போறது?"

அக்கேள்வியை இரக்கமற்றதெனக் கூறுவதற்கில்லை. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபா என 2021 மார்ச்சில் வர்த்தமானியில் வெளியாகியிருந்தது. குறித்த அளவு கொழுந்து சேராத நாளில் அரைப்பேர்தான். ஓராண்டு கழிந்து, அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றிய வேளையில், 400 கிராம் பால்மாப் பொதியொன்றின் விலை 790 ரூபாவாயிற்று. ஒரு நாள் முழுவதும் மலையேறி இறங்கிய உழைப்பில் ஐந்தில் நான்கு பங்கு அப்பொதிக்குள் அடங்கிவிடும். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட இலங்கைச் சிறுவர்களில் வயதுக்கேற்ற உயரமற்றோர் நூற்றுக்கு 17 பேர். தோட்டப் பகுதியிலோ அத்தொகை 32. இத்தகைய சூழலில் நாய்க்குட்டிக்குப் பால் என்பது வேடிக்கைப் பேச்சன்று. எவர் வாயிலிருந்து எடுத்து எவர் வாயில் இடுவது என்பதே அங்கு எழுந்த வினா.

மூதாட்டி மகளுடன் வாதிடவில்லை. "நீயும் சவலதான்டி. பிள்ளக்காம்பராவுல ஒன்னய விட்டுட்டு மலைக்குப் போனவ நான்" என்று மட்டும் சொன்னாள். பின்னர் அரிவாளை எடுத்துக்கொண்டு புல்லறுக்கச் சென்றாள். மேட்டு லயத்தில் பசு வளர்ப்பவருக்கு நாளும் ஒரு கட்டுப் புல். அதற்கு ஈடாக ஒரு குவளைப் பால். பேத்தியின் பால்மாவில் ஒரு கரண்டியும் குறையவில்லை.

பால் கிடைத்தும் குட்டி தேறவில்லை. பிள்ளையை ஏந்துவதுபோல் மல்லாக்காகக் கிடத்திப் புகட்டியதால் பால் மூக்கால் வந்தது. பசுவைப் பார்க்க வந்த மிருக வைத்தியர் அதனைக் கண்டு சிலவற்றை விளக்கினார். பிறந்த குட்டி முதல் வாரத்தில் நடுங்கித் தன் உடலைச் சூடாக்க வல்லதன்று. குளிர்ந்த உடலில் குடலும் இயங்காது. ஆதலால் முதலில் வெப்பம், அதன் பின்னரே பால். மல்லாக்காகக் கிடத்திப் புகட்டினால் பால் சுவாசப்பையினுட் புகும். ஆகவே தாயிடம் குடிப்பதுபோல் குப்புறக் கிடத்தியே புகட்டல் வேண்டும். நாய்ப்பாலில் கொழுப்பும் புரதமும் பசுப்பாலிலுள்ளதைப் போல் ஏறத்தாழ இருமடங்கு உள்ளன. எனவே பசுப்பாலில் நீர் கலப்பது, பசித்த வயிற்றை ஏமாற்றுவதற்கு ஒப்பாகும். முட்டையின் மஞ்சட்கருவைச் சிறிது சேர்ப்பதே தக்கது. குட்டி தானாகச் சிறுநீர் கழிக்கவும் அறியாது. தாய் நாவால் நக்குவதற்குப் பதிலாக, ஈரத்துணியால் மெல்லத் துடைத்துவிடல் வேண்டும்.

வீட்டுக் கோழி முட்டை தந்தது. வெந்நீர்ப் போத்தலைப் பழைய கம்பளித் துண்டிற் சுற்றி அட்டைப்பெட்டியில் வைத்தனர். ஊசியற்ற சிரிஞ்சால் இரண்டு மூன்று மணித்தியாலத்திற்கு ஒருமுறை துளித்துளியாகப் புகட்டினர். அம்மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது, மண்ணெண்ணெய்க்கும் வரிசை. அடுப்பில் மிலாறு எரியும் வெளிச்சத்திலேயே இரவுப் பால் நடந்தது. நள்ளிரவில் மூதாட்டி கண்ணயர்ந்த வேளைகளில் சிரிஞ்சைக் கையிலெடுத்தவள், வேண்டாமென்று சொன்ன மகளே. விடிந்தால் அவள் பெரட்டுக்குப் போக வேண்டியவள்.

கடைத் தராசில் முதல்நாள் 150 கிராம் காட்டிய குட்டி, பத்து நாளில் 300 கிராமாயிற்று. அதற்குள் கண் திறந்தது. நான்காம் வாரத்தில் சிரட்டையில் ஊற்றிய பாலைத் தானே நக்கிக் குடித்தது.

ஆயினும் பிழைத்துவிட்டதனால் மட்டும் ஒரு பெட்டைக்குட்டிக்கு இடம் கிடைத்துவிடுவதில்லை. கடுவன் குட்டிகளைக் காவலுக்கென்று கேட்டு வாங்கிச் செல்வோர் உளர். பெட்டைகளைச் சாக்கிற் கட்டிப் பட்டணத்துச் சந்தையோரம் விட்டுவருவதே பலருடைய வழக்கம். 2006இல் அரசாங்கம் தெருநாய்களைக் கொல்வதை நிறுத்தியது. எனினும் கைவிடும் பழக்கம் நின்றபாடில்லை. 1848இல் நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர், மரை வேட்டைக்கெனச் சாதி நாய்களைக் கப்பலில் ஏற்றிவந்தார். அவற்றின் வேட்டையை அவர் நூலாகவே எழுதிவைத்தார். லயத்து நாய்க்கு அத்தகைய வரலாறு எதுவுமில்லை. இரவில் சிறுத்தை இறங்கும்போது முதலிற் குரைப்பதும் அதுவே. முதலில் இரையாவதும் அதுவே.

சாக்குடன் ஒருவர் வந்தபோது, "அது இருக்கட்டும் அண்ணே" என்று மகள் தடுத்தாள். காரணம் எதனையும் அவள் கூறவில்லை. கருத்தடைச் சிகிச்சை செய்தாற் குட்டிகள் பெருகா என்று மிருக வைத்தியர் முன்னரே கூறியிருந்தார்.

அவ்வாண்டின் பிற்பகுதியில் விசர்நாய்த் தடுப்பூசி போடுவோர் தோட்டத்திற்கு வந்தனர். ஊசி போட்டபின் அட்டையை எழுதியவர், உரிமையாளர் பெயர் யாதென வினவினார். பேரன் பாட்டியைப் பார்த்தான். பாட்டி மகளைப் பார்த்தாள். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, மகள் தன் பெயரைச் சொன்னாள்.