குளத்தில் ஒரு சிவப்பு

தூண்டில் போடுகிறவனைக் கண்டால் உலகம் சிரிக்கிறது. திருப்பூரில் போடுகிறவனைக் கண்டால் கொஞ்சம் உரக்கவே சிரிக்கிறது. இரவு பகலாகப் பின்னல் இயந்திரங்கள் ஓடும் ஊரில், ஒருவன் கரையில் குந்தித் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தால் வேறு என்ன செய்வார்கள்? மீன் வேண்டுமானால் சந்தையில் கிடைக்கிறதே! இருந்தும் ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் என் கால்கள் குளத்துப் பக்கந்தான் போகின்றன. நஞ்சராயன் குளம் 2022-இல் பறவைகள் சரணாலயமாகி, 2024-இல் ராம்சர் பட்டியலிலும் ஏறிவிட்டது. அங்கே மீன் பிடிக்கும் உரிமையைக் கொக்குக்கும் நாரைக்கும் விட்டுவிட்டு, நான் சிறிய குளங்களோடு திருப்திப்படுகிறேன். தேடிப் போவது விரால். அதுவும் பெரிய விரால்.

ஐரோப்பாவில் பைக் என்று ஒரு மீன் உண்டு. பாசியின் மறைவில் அசையாமல் கிடந்து, இரை நெருங்கியதும் அம்புபோல் பாயும் சாதி. ஐஸக் வால்டன் 1653-இல் வெளியிட்ட தூண்டில் புத்தகத்தில் அதற்கென்று தனி அத்தியாயமே இருக்கிறது. நம் குளங்களில் அந்த உத்தியோகத்தைப் பார்ப்பது விரால். குளம் வற்றினாலும் ஈரச் சேற்றில் புதைந்து, மழை வரும்வரை உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஆனால் செவுள் மட்டும் அதற்குப் போதாது. அடிக்கடி மேலே வந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கியாக வேண்டும். அந்த ஒரு 'சளக்'கில்தான் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது. சத்தம் கேட்ட இடத்துக்குச் சற்று அப்பால் ரப்பர் தவளையை எறிந்து, தத்தித் தத்தி இழுக்க வேண்டும். பத்துத் தடவைக்கு ஒன்பது தடவை அது ஏமாறாது.

பைக் முட்டைகளைத் தூவிவிட்டுப் போய்விடும். பிள்ளைகளைத் திரும்பிப் பார்ப்பதில்லை. விரால் அப்படியல்ல. செந்நிறக் குஞ்சுகள் நூற்றுக்கணக்கில் நீர்மட்டத்தில் திரண்டு நிற்க, அடியில் பெற்றவர்கள் காவல் காப்பார்கள். கிட்டே எது வந்தாலும் பாய்வார்கள். பசியினால் அல்ல, கோபத்தினால். ஆகவே பெரிய விராலைப் பிடிக்க இதைவிடச் சுலபமான சமயம் கிடையாது.

சென்ற ஐப்பசியில் ஒரு காலை, ஆகாயத்தாமரை ஓரத்தில் சிவப்பாக ஏதோ மிதந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. இந்த வட்டாரத்தில் தண்ணீர் சிவந்தால் நினைவுக்கு வருவது சாயந்தான். பாசனத்துக்காக 1992-இல் நொய்யலில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவுத் தொட்டியாகிப் போனதைப் பார்த்தவர்கள் நாங்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீரை வெளியே விடுவதில்லை என்ற ஏற்பாட்டின் பேரில்தான் பிறகு அவை திறந்தன.

நான் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே அந்தச் சிவப்பு நகர்ந்தது. சாயம் இல்லை, விரால் குஞ்சுகள்!

பக்கத்தில் நின்ற பனியன் கம்பெனிப் பையனும் பார்த்துவிட்டான்.

"அண்ணா, குஞ்சு நிக்குதுங்க! போடுங்க, ஒரே அடிதான்!"

கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் திரும்பினார். "ஏங் கண்ணு, பெத்தவங்களப் புடிச்சுட்டா குஞ்சுகள ஆரு பாக்கறது? பொழுது சாயறதுக்குள்ள மத்த மீனெல்லாம் தின்னு தீத்துரும்."

"நாம உட்டா அடுத்தவன் புடிச்சுருவானுங்க, அய்யா."

பையன் சொன்னது பொய்யில்லை. ஆனால் நொய்யலில் நிறம் ஏறியதும் அந்த ஒரே வாக்கியத்தினால்தானே! நான் நிறுத்தினால் பக்கத்துப் பட்டறைக்காரன் விடுவான் என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள், ஆறு போயிற்று. மீனை விற்று அரிசி வாங்குகிறவனிடம் நான் நியாயம் பேச வரமாட்டேன். ஆனால் பொழுதுபோக்குக்காக வருகிறவனுக்குப் பிடிக்காமல் திரும்பும் சௌகரியம் இருக்கிறது. பெரிய விரால் என்பது ஒரு குளம் பல வருஷம் கெடாமல் இருந்ததன் கணக்கு. அந்தக் கணக்கை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தீர்த்துவிடலாமா?

தவளையைச் சுருட்டிப் பைக்குள் போட்டேன். பையன் முகம் வாடியது. "அடுத்த மழைக்கு வா, இந்தக் குஞ்சுகளில் தப்பியது ஒரு சாணுக்கு மேல் வளர்ந்திருக்கும்" என்றேன்.

"அப்பவும் குஞ்சோட நின்னா என்னங்க பண்றது?" என்று கேட்டான்.

பெரியவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.