நீரடியில் ஒரு கிராமம்

அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைநாட்டில் மூதாதையரின் இருப்பிடத்தைத் தேடுவோர், நிலப் பத்திரங்களையும் குடும்ப விவிலியத்தையும் புரட்டுவதோடு நிற்பதில்லை. பழைய தேசப்படங்களையும் விரிக்கிறார்கள். 1879-ல் ஏற்பட்ட அந்நாட்டு நில அளவை இலாகாவின் பழைய படங்களை இன்று இணையத்தில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம்.

படத்தை வாசிக்கும் முறை எளிது. பழுப்புக் கோடுகள் சம உயரமுள்ள இடங்களைச் சேர்க்கின்றன. அவை நெருங்கினால் செங்குத்து, விலகினால் சமநிலம். சிறு கருஞ்சதுரம் வீடு. சிலுவை தாங்கிய சதுரம் தேவாலயம். கொடி பறப்பது பள்ளிக்கூடம். ஓடைகளும் பள்ளத்தாக்குகளும் பல இடங்களில் முதற் குடியேறிகளின் குடும்பப் பெயரையே தாங்கி நிற்கின்றன. ஆகவே பெயரொன்று கிடைத்தால், எந்தப் பத்திரப் பதிவகத்தில் தேடுவதென்பதும் தெரிந்துவிடுகிறது.

வட கரோலினாவின் லிட்டில் டென்னஸி நதிக்கரையைக் காட்டும் இரு படங்களை நாம் அருகருகே வைத்துப் பார்ப்போம். முந்தியதில் ஜட்ஸன் என்னும் ஊர் இருக்கிறது. பிந்தியதில் அவ்விடம் நீல நிறம். யுத்த காலத்தில் மின்சாரத்துக்காக 1942-ல் தொடங்கிய 480 அடி உயர பான்டானா அணை, 1944-ல் நீரைத் தேக்கியது. மேட்டிலிருந்த ஹேஸல் ஓடைக் கிராமங்கள் மூழ்கவில்லை. அவற்றின் சாலை மூழ்கிற்று. குடிகள் வெளியேற, நிலம் தேசியப் பூங்காவோடு சேர்ந்தது. மயானங்கள் மட்டும் காட்டுக்குள் நின்றன.

புதுச் சாலை போட்டுத் தருவதாக 1943-ல் சர்க்கார் ஒப்புக்கொண்டது. சில மைல்களும் ஒரு குகைவழியும் அமைந்ததோடு வேலை நின்றது. 'எங்கும் போகாத பாதை' என்று ஜனங்கள் அதற்குப் பெயரிட்டனர். 2010-ல், சாலைக்குப் பதிலாக 5 கோடியே 20 லக்ஷம் டாலர் தருவதென முடிவாயிற்று. பணம் கிடைத்தது, பாதை கிடைக்கவில்லை. சந்ததியார் படகேறி ஏரியைக் கடந்தே முன்னோர் கல்லறைகளுக்கு மலர் சாத்துகிறார்கள்.

ஆனால் அப்படத்திலேயே மற்றொரு குடியின் சுவடும் உண்டு. டக்கசீஜி முதலிய பெயர்கள் செரோக்கி மக்களுடையவை. அவர்களிற் பெரும்பாலோரை 1838-ல் படைகள் மேற்கே விரட்டின. எஞ்சியோரின் வழிவந்தோர் இன்றும் அருகிலேயே வாழ்கின்றனர். வீடிழந்தோரின் கருஞ்சதுரங்களைத் தேடும் நேயர்கள், அவற்றினூடே ஓடும் நதிகளின் பெயரையும் சற்றே நின்று வாசிக்க வேண்டும்.