செய்தவர் பெயர்

இணைய விளையாட்டில் பொருள் செய்வது கடினமாயிருக்க வேண்டுமா, லகுவாயிருக்க வேண்டுமா என்ற சர்ச்சையில் நான் நெடுநாள் கடினத்தின் கட்சி. பொழுதுபோக்க வருகிறவர்களுக்காகக் கைத்தொழிலை எளிமையாக்குவது ருசிக்கேடு என்று நண்பர் ஒருவரிடம் வாதாடியிருக்கிறேன். அவர் வாரத்தில் இரண்டு மணி நேரம் விளையாடுகிறவர். "ஆபீசில் பார்க்கிற வேலையை ராத்திரியிலும் பார்க்கச் சொல்கிறீர்களா?" என்பார். சோம்பல் பேசுகிறது என்று ஒதுக்கினேன். இப்போது அப்படி ஒதுக்க முடியவில்லை.

நாங்கள் விளையாடுவது 'ஃபைனல் ஃபேண்டஸி 14'. தச்சு, இரும்பு, கவசம், பொன், தோல், நெசவு, ரசவாதம், சமையல் என்று அதில் எட்டுத் தொழில்கள். ஒருவரே எட்டையும் கற்கலாம். செயல்களுக்குப் புள்ளிகள் செலவாகும்; பல செயல்கள் பொருளின் தாங்குதிறனையும் குறைக்கும். அது தீர்வதற்குள் தரத்தை உயர்த்தி வேலையை முடிக்க வேண்டும். 2019இல் இந்த முறையைத் திருத்தி, பல செயல்களை நீக்கினார்கள். எல்லாம் போயிற்று என்று தீவிரக்காரர்களோடு நானும் புலம்பினேன்.

ஆனால் நான் செய்துகொண்டிருந்தது என்ன? செயல்களை வரிசையாக எழுதி ஒரு பொத்தானில் அடக்கும் மேக்ரோ என்ற வசதி அந்த விளையாட்டிலேயே உண்டு. ஒன்றுக்குப் 15 வரிகள். யாரோ கணக்குப் போட்டு எழுதிய வரிகளைப் பிரதியெடுத்து வைத்திருந்தேன். பொத்தானை அமுக்கிவிட்டுக் காபி போடப் போவேன். திரும்பி வந்தால் உயர்தரமான மேலங்கி தயாராயிருக்கும். விவரத்தின் அடியில் செய்தவர் பெயர்: என் பாத்திரத்தின் பெயர்.

2020இல், போரில் சிதைந்த நகரமொன்றைத் திரும்பக் கட்டும் பணியையொட்டி, நிபுணர்களுக்கென்று சில செய்முறைகள் வந்தன. அவற்றில் அடிக்கு அடி பொருளின் நிலை மாறும். ஒரு நிலையில் தாங்குதிறன் பாதியளவே குறையும். இன்னொன்றில் புள்ளிச் செலவு பாதி. வேறொன்றில், தவறக்கூடிய செயல் பலிக்கும் வாய்ப்பு கூடும். அடுத்து எது வரும் என்று முன்கூட்டித் தெரியாது. எழுதிவைத்த வரிசையை நம்பிப் போக முடியாது. முதல் ராத்திரி மூன்று முறை முயன்றேன். மூன்றும் பாழ். செலவு பாதியான தருணத்தை, எந்தச் செயலுக்கு அது உதவும் என்று தெரியாமலே இரண்டு தடவை கடந்துபோனேன். ஆயிரக்கணக்கில் 'செய்து' முடித்திருந்த எனக்கு ஒரு செயலின் குணமும் தெரிந்திருக்கவில்லை.

மறுவாரம் நண்பர் உட்கார்ந்தார். அவருக்குத் தெரிந்தது தச்சு ஒன்றுதான். அதையும் மெதுவாக, கையாலேயே பழகியவர். அவருடையதும் பாழாயிற்று. ஆனால் எந்த அடியில் தவறினார் என்று அவரால் சொல்ல முடிந்தது. மிச்சமிருந்த மரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

கடினம் என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு விஷயங்களைப் பற்றிச் சண்டையிட்டோம் என்று படுகிறது. ஒன்று நேரத்தைக் கேட்பது: மூலப்பொருளை நூறு தடவை வெட்டிச் சேர்ப்பது, அதையே நூறு தடவை செய்வது. மற்றது கவனத்தைக் கேட்பது. நண்பர் மறுத்தது முதலாவதை மட்டும். நான் இரண்டாவதன் பெயரால் முதலாவதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன், அந்த முதலாவதையும் இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டு. உழைப்பும் கவனமும் இல்லாமல் பொருள் மட்டும் கேட்பவர்கள் எதிர்க்கட்சியிலும் உண்டு. ஆனால் அவர்கள் அதைத் தீவிரம் என்று சொல்லிக்கொள்வதில்லை.

கடினமான கவிதைக்காகவும் இதே குரலில் பேசியிருக்கிறேன். அங்கே எத்தனை தீர்ப்புகள் நானே வாசித்து அடைந்தவை, எத்தனை பிரதியெடுத்தவை என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன். எண்ணிக்கை சௌகரியமாயில்லை.

அந்த மேலங்கி இன்னும் என் பாத்திரத்தின் உடம்பில்தான் இருக்கிறது. தரம் குறைவொன்றுமில்லை. அடியிலுள்ள பெயரைப் பார்க்க நேர்ந்தால் மட்டும் கூச்சமாயிருக்கிறது.